கூடுதல் நாலு கிலோ

"தூக்கிப் பாரு தம்பி" என்றார் புதுப்பேட்டை கடைக்காரர்.

விற்கக் கொண்டுபோன, என் காரின் பழைய 14 அங்குல இரும்பு வீலைத் தூக்கினேன். அப்புறம், அதற்குப் பதிலாகப் போன மாதம் ஆசையாக மாட்டிய 16 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) வீலை. இடுப்பு பிடித்துக்கொண்டது. தராசில் வைத்தால், டயரோடு நாலு கிலோ அதிகம்!

அலாய் என்றாலே லேசு என்று நினைத்திருந்தேன்.

கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதெல்லாம் இன்ஜினைத் திட்டியிருக்கிறேன், பாவம்.

டிக்கியில் இருக்கும் ஒரு கிலோ முன்னால் நகர்ந்தால் போதும். சக்கர விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் வேகமெடுக்கும்போது அது கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம். சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் அண்ணா சாலையில் இது எத்தனை தடவை!

டயரோடு சேர்ந்த மொத்த விட்டமும் கூடினால் இன்னொரு வம்பு. மேல் கியரில் கிளம்புவதுபோல் இழுவை குறையும். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிடக் குறைத்தே காட்டும்.

"சரி, பழசையே மாட்டிடவா?"

அபார்ட்மென்ட் பையன்கள் என் வண்டியோடு செல்ஃபி எடுத்தது ஞாபகம் வந்தது.

"ரெண்டு நாள் கழிச்சு வரேண்ணே."