பழைய நகர மண்டபமும் தள்ளிப்போகும் தீர்மானமும்

ஜூலை 8

இன்றைய நகர்மன்றக் கூட்டத்திலும் பழைய நகர மண்டபம் பற்றிய பொருளை ஒத்திவைத்துவிட்டார்கள். இடித்துவிட்டு வணிக வளாகம் கட்டலாம் என்று ஒரு தரப்பு, அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று இன்னொரு தரப்பு, முதலில் எஸ்டிமேட் வரட்டும் என்று மிச்சப் பேர். எதற்கான எஸ்டிமேட் என்று எழுந்து கேட்டேன், பதில் வரவில்லை. உள்ளே என்ன வரப்போகிறது என்றே முடிவு செய்யாமல் சீரமைப்புச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது? கட்டடம் எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று சொல்லும் இந்தியத் தரநிலை 875-இன்படி வீட்டுத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கினால் போதும், புத்தக அடுக்குகள் வைக்கும் அறை என்றால் 600 கிலோவாவது தாங்க வேண்டும். மாடியில் நூலகமா, அலுவலகமா என்பதைப் பொறுத்தே உத்தரத்துக்கு முட்டு கொடுப்பதா வேண்டாமா என்று தெரியும்.

ஜூலை 15

உதவிப் பொறியாளரோடு மண்டபத்துக்குள் போய்வந்தேன். மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதன் மேல் தட்டையான ஓடுகள் பதித்தது. ஏணியில் ஏறி ஓர் உத்தரத்தின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் காட்டினார், முனைகூட இறங்கவில்லை. அதே உத்தரம் சுவருக்குள் போகும் இடத்தில் குத்தினார், கைப்பிடி வரைக்கும் இறங்கிவிட்டது. மேலே போய்ப் பார்த்தால் காரணம் புரிந்தது. மழைநீர்க் குழாயின் வாயை இலையும் மண்ணும் அடைத்திருக்கின்றன, தேங்கிய தண்ணீர் சுவர் வழியாக இறங்கி நேராக உத்தரத்தின் முனையில்தான் போய் நிற்கிறது. ஈரம் வந்த இடத்துக்குக் கரையானும் வந்துவிட்டது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்றுகள் வேறு, விரல் தடிமனுக்கு வேர் ஓடியிருக்கிறது.

கட்டடம் வயதாகிச் சாகவில்லை. கூரையைக் கூட்ட ஆளில்லாமல்தான் இந்தக் கதி.

ஜூலை 16

நேற்று எழுத விட்டுப்போனது. கீழ்ச்சுவரில் இடுப்பு உயரத்துக்கு யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள், அங்கேதான் சேதம் அதிகம். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதை அடைத்துக்கொள்வதால் ஈரம் செங்கல்லில் தங்கி, உப்புப் பூத்து, கல்லே மாவாக உதிர்கிறது. நல்லெண்ணத்தில்தான் பூசியிருப்பார்கள், ஆனால் சும்மா விட்டிருந்தால் சுவர் இவ்வளவு கெட்டிருக்காது.

ஜூலை 29

பொதுமக்கள் கருத்துக் கேட்பு. வணிக வளாகம் கேட்பவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடை வாடகை மன்றத்துக்கு நிலையான வருமானம், தெருவிளக்கும் குப்பை வண்டியும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன, அது உண்மை. ஆனால் “இது தேறாத கட்டடம்” என்று ஒருவர் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சென்னை சேப்பாக்கத்தில் இருக்கும் பழைய அரண்மனைக் கட்டடமான கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை இடிந்து கிடந்தது. அதைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்பை வைத்தே மீட்டெடுத்து, இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. தீயில் வெந்த கட்டடமே அப்படி எழுந்து நிற்கும்போது, ஒழுகும் கூரையை வைத்து இதற்கு மரண தண்டனை எழுதுவது நியாயமே இல்லை.

அருங்காட்சியகத்துக்கும் நான் ஆதரவில்லை, அதையும் அங்கேயே சொன்னேன். திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும், அப்புறம் பூட்டுதான் தொங்கும். பூட்டிக் கிடந்துதானே இந்த நிலைமைக்கு வந்தது!

ஆகஸ்ட் 4

மன்றத்தில் வைக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964 வெனிஸ் சாசனத்தின் ஐந்தாவது பிரிவு எனக்கு நல்ல துணை: சமூகத்துக்குப் பயன்படும் வேலை ஒன்றைக் கொடுத்தால் பழைய கட்டடத்தைக் காப்பது எளிது, ஆனால் அதற்காக அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்கிறது. என் யோசனை இதுதான். தரைத்தளத்தில் பிறப்பு இறப்புச் சான்றிதழும் வரி வசூலும், ஏனென்றால் மக்கள் தினமும் வந்தாக வேண்டிய வேலைகள் அவை. மாடியில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கான வாசிப்புக் கூடம், கனமான அடுக்குகள் எதுவும் மாடிக்குப் போகாது. பக்கவாட்டு வாசலில் சாய்தளம், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அதைச் செய்தே ஆக வேண்டும், முகப்பைத் தொடாமல் செய்ய அங்கே இடமும் இருக்கிறது.

இன்னொரு கவலை டெண்டர். குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை என்று விட்டால் சுண்ணாம்பைக் கையால் தொடாதவர்கூட வந்துவிடலாம். பழைய கட்டட வேலை செய்த அனுபவத்தைத் தகுதி நிபந்தனையாகத் தொடக்கத்திலேயே போட்டுவிட வேண்டும், பிறகு புலம்பிப் பயனில்லை.

ஆகஸ்ட் 12

கூட்டம் நீண்டுபோய்விட்டது. என்ன பயன்பாடு என்ற முடிவு இன்றும் வரவில்லை, உறுதித்தன்மை ஆய்வறிக்கை வந்த பிறகு பேசலாம் என்றார் தலைவர். சரி, அதுவரை மழையை யார் ஒத்திவைப்பது என்று கேட்டேன். அப்போதுதான் வணிக வளாகம் கேட்ட உறுப்பினரே எழுந்து, இடிப்பதானாலும் வைப்பதானாலும் ஒழுகலை இப்போதே நிறுத்துங்கள், யார் தலையிலாவது விழுந்தால் மன்றம்தான் பதில் சொல்லணும் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் அவைக்குள் எதிர்ப்பே இல்லாமல் போனது.

தீர்மானம் இப்படி: குழாய் அடைப்பை உடனே எடுப்பது, கன்றுகளை வேரோடு அகற்றுவது, கெட்டுப்போன உத்தர முனைகளுக்குத் தற்காலிக முட்டு, ஓட்டை விழுந்த கூரைக்குத் தார்ப்பாய், தொழில்நுட்ப ஆய்வுக்கு நிபுணர் நியமனம். சிமென்ட் பூச்சு எந்த இடத்திலும் கூடாது என்ற வரியை நான் கேட்டுச் சேர்த்தேன். இந்த வேலைகளுக்கான ஆணை திங்கட்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார் பொறியாளர். வந்ததும் முதல் நாள் நானும் கூரைக்குப் போவேன், அரசங்கன்றை மேலோடு வெட்டிவிட்டு வேரை விட்டுவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்பத் துளிர்த்துவிடும்.