பெட் சவுண்ட்ஸா, சார்ஜென்ட் பெப்பரா?

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' ஆல்பத்தைக் கேட்டு அசந்துபோன பிரையன் வில்சன், தன் அமெரிக்கக் குழுவான பீச் பாய்ஸுக்காக 1966-இல் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தைப் போட்டார், அதைக் கேட்டு பீட்டில்ஸின் மெக்கார்ட்னி அசந்துபோக, அடுத்த வருஷமே அவர்களுடைய 'சார்ஜென்ட் பெப்பர்' வந்தது. போட்டி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பெப்பரின் கடைசிப் பாட்டில் 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா கீழ் சுரத்திலிருந்து மேலே ஏறி ஏறி வந்து நிற்க, அப்புறம் பல பியானோக்களில் ஒரே நேரத்தில் அடித்த ஒரு கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது), நாற்பது நொடிக்கு மேல் கரைந்துகொண்டே போகும். ஹெட்போனில் கேளுங்கள், அத்தனையும் நாலே நாலு தடங்களில் ஒலியைப் பதியும் வெறும் நாலு டிராக் மெஷினில் பதிந்தது.

சரி, ஆனாலும் என் ஓட்டு பெட் சவுண்ட்ஸுக்குத்தான். வில்சனுக்கு வலது காது சரியாகக் கேட்காமல் இருந்தது, ஆல்பத்தை மோனோவில்தான், அதாவது ஒலியை இடம் வலம் என்று பிரிக்காமல்தான், வெளியிட்டார், அந்த ஒற்றைச் சத்தத்துக்குள் சைக்கிள் மணி, ஹார்ப்சிகார்ட், பிரெஞ்சு ஹார்ன் எல்லாம் குழைந்து கிடக்கிறது. கடைசியில் ஒரு ரயில் கடந்து போகும், பின்னாலேயே நாய்கள் குரைக்கும், அவர் வீட்டு நாய்கள்! பெப்பரை நான் வியந்து கேட்பேன். இதை வருத்தமாக இருக்கும்போது கேட்பேன். ஸ்டூடியோவையே ஒரு வாத்தியமாக வாசிக்கலாம் என்று பின்னால் வந்தவர்களுக்குக் காட்டியதில் இரண்டுக்குமே பங்கு உண்டு, என்ன, அமெரிக்காவில் அன்றைக்கு பெட் சவுண்ட்ஸ் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை.