டி.என். காருக்குக் கே.ஏ. எண் வாங்கிய கதை

ஒருவழியாக என் காருக்குக் கர்நாடக எண் கிடைத்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். ஆனால் பெங்களூரில் வாழும் தமிழர்களை இந்த வேலைக்குத் துரத்துவது சட்டம் அல்ல, 2016 செப்டம்பர். உச்ச நீதிமன்றத்தின் காவிரி உத்தரவு கிளப்பிய சூட்டில் அந்த மாதம் 12-ஆம் தேதி டி.என். என்ற இரண்டு எழுத்தைப் பார்த்துப் பார்த்து வண்டிகளைக் கொளுத்தினார்கள். என் நண்பர் எண் பலகையில் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். இன்றும் காவிரிச் செய்தி வந்தால் அவர் காரை வெளியே எடுப்பதில்லை.

முதலில் சொந்த ஊர் ஆர்டிஓ அலுவலகத்தில் தடையின்மைச் சான்று. அங்கே எழுத்தர் ஏறிட்டுப் பார்த்து, "நம்ம ஊர் நம்பரை விட்டுவிட்டு அவர்கள் நம்பருக்கு ஏன் சார் போகிறீர்கள்?" என்றார். தமிழ்ப்பற்று பேசிய அதே வாய், அடுத்த நிமிடம் என் கோப்பைத் திருப்பித் தள்ளியது. கார் கடன் தந்த வங்கியின் கடிதத்தில் "கர்நாடகத்துக்கு மாற்ற ஆட்சேபம் இல்லை" என்று மட்டும் இருந்ததாம். எந்த ஆர்டிஓ என்று இல்லையாம். பெங்களூரில் பல ஆர்டிஓ அலுவலகங்கள் உண்டு. உங்கள் முகவரி எதன் எல்லைக்குள் வருகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கிக் கடிதம், தடையின்மைச் சான்றுக்கான படிவம் 28 இரண்டிலும் அதே பெயர் இருக்கட்டும். அபராத நிலுவை ஏதாவது இருந்தால் அதையும் முன்பே கட்டிவிடுங்கள். கடிதத்தில் விடுபட்ட அந்த ஒரு பெயருக்காக நான் ஓர் இரவுப் பயணத்தை வீணாக்கி, மறுபடி வங்கி வாசலில் நின்றேன்.

பெங்களூர் அலுவலகத்துக்குப் பயந்துகொண்டேதான் போனேன். "கன்னட பருத்தா?" (கன்னடம் வருமா?) என்றார் அங்கிருந்தவர். "ஸ்வல்ப ஸ்வல்ப" (கொஞ்சம் கொஞ்சம்) என்றேன். சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். மொழிச் சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. என்னைப் படுத்தியது வேறு: வண்டி வாங்கிய அசல் விலைப்பட்டியல். கர்நாடகத்தில் ஆயுள் வரியை வண்டியின் விலை, வயது இரண்டையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். நான் வாங்கிய ஷோரூம் கைமாறிவிட்டது. புதிய முதலாளி, பழைய பில் எதுவும் தன்னிடம் இல்லை என்று கையை விரித்தார். கடைசியில், காருக்குக் கடன் கொடுத்த வங்கிதான் தன் கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்துக் கொடுத்தது. விலைப்பட்டியலைத் தொலைத்தவர்கள் அங்கே கேட்டுப் பாருங்கள்.

ஒரே நாடு, ஒரே கார், இரண்டு ஆயுள் வரி. தமிழ்நாட்டுக்கு ஒரு தடவை கட்டியாயிற்று. இப்போது கர்நாடகத்துக்கு, அதுவும் கூடுதல் விகிதத்தில். வெளிமாநில வண்டி 30 நாட்களைத் தாண்டினாலே ஆயுள் வரி என்று 2014-இல் கர்நாடகம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் 2016-இல் அதை ரத்து செய்தது. அதற்காக வரியே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். 12 மாதக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. மாநிலம் மாறினாலும் மறுபதிவு தேவைப்படாத பி.எச். (பாரத்) வரிசை எண் 2021-இல் வந்தது; இந்தத் தொல்லைக்கு அதுதான் மாற்று. ஆனால் தனியார் ஊழியர் என்றால் நிறுவனத்துக்கு நான்கு மாநிலங்கள் அல்லது யூனியன் பிரதேசங்களிலாவது அலுவலகம் இருக்க வேண்டும். என் நிறுவனத்துக்கு இரண்டில்தான். நாடு முழுவதும் செல்லும் பலகையைக் கண்டுபிடித்தவர்கள் அதை எல்லோருக்கும் கொடுக்கவில்லை.

வண்டிப் பரிசோதனை, சேசிஸ் எண் அச்சு, புதிய உயர் பாதுகாப்புப் பலகை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. அதன்பின் பலர் மறப்பது காப்பீடும் ஃபாஸ்டேகும். இரண்டிலும் பழைய எண்ணே கிடந்தால், விபத்து இழப்பீடு கேட்கும்போதும் சுங்கச்சாவடியிலும் தகராறுதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பெரியப்பா காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "சரி, அடுத்த தடவை காவிரிச் சண்டை வந்தால் இதை இங்கே எங்கேடா நிறுத்துவாய்?" நியாயமான கேள்வி. 2016-இல் இந்தப் பக்கமும் கர்நாடக வண்டிகளை விட்டுவைக்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இடம் இருக்கிறது என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார்.

தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். புதிய ஆர்சி நகல், கர்நாடக வரி ரசீது, வங்கிக் கணக்கு விவரம் இணைத்து, பழைய எழுத்தரிடமே கொடுத்தேன். "அங்கே போய்விட்டீர்களே சார்" என்றபடி வாங்கி வைத்துக்கொண்டார். கையோடு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கிவிட்டேன். நீங்களும் அது இல்லாமல் நகராதீர்கள். பணம் இன்னும் வரவில்லை.