ஓட்டுநர் பட்டியலில் மூன்றாவது பெயர்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்தான். ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகங்கள் திறந்திருக்கும். பீடோங்குக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியும் என் தஞ்சாவூர் உடம்புக்கு இது பழகவில்லை. ஓட்டுநர் தடை முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி அவர் காரில் ஏறிச் சுங்கைப்பட்டாணிக்குப் போனேன். சாலைப் போக்குவரத்து இலாகாவின் கதவு பூட்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் காத்திருந்தவனுக்கு இன்னும் இரண்டு நாள் காத்திருக்க முடியவில்லை. வாசலில் நின்று பூட்டைத் திட்டினேன். கூட்டிவந்தவர் சிரித்துக்கொண்டே தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022இல் ஒரு கல்யாண விருந்து. மண்டபத்துக்கு வெளியே, ஒரு காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாலைந்து பேர் பீர் குடித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர்தான், செம்பனைக் காட்டுக்கு நடுவே ஆளில்லாத சாலை, தூங்கிக்கொண்டே ஓட்டலாம் என்று நினைத்தேன். கிட்டத்தட்ட அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். கார் சாலையோர லோங்காங்கில், அதாவது வடிகாலில், இறங்கி நின்றது. யாருக்கும் அடிபடவில்லை. உதவிக்கு வந்த முதல் வண்டி போலீஸ் ரோந்து வண்டியாக இருந்தது.

இங்கே சட்டம் 2020 அக்டோபரில் கடுமையாகிவிட்டது. மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம் மது வரை என்றிருந்த வரம்பு 22 ஆனது. முதல் குற்றத்துக்கே அபராதம் 10,000 வெள்ளியில் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) தொடங்கி 30,000 வரை போகும். சிறை இரண்டு ஆண்டு வரை கிடைக்கலாம். உரிமத் தடை குறைந்தது இரண்டு ஆண்டு. எனக்கு 12,000 வெள்ளியும் இரண்டு ஆண்டுத் தடையும் விழுந்தன. இந்தியாவில் ரத்தத்துக்கான வரம்பு 30 மில்லிகிராம், இங்கே 50. அளவில் நம் ஊர்தான் கண்டிப்பு. ஆனால் அந்தக் கண்டிப்பை நான் ஊரில் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அந்த அலட்சியத்தைத்தான் விமானத்தில் கூடவே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அபராதத்தைவிட அதிகம் வலித்தது வேறொன்று. என் மாமனாரின் தந்தை தொண்டர் படையில் இருந்தவர். 1947இல் பீடோங்கை ஒட்டிய ஹார்வர்ட் தோட்டத்தில் கள்ளுக்கடைகளை மூடச் சொல்லி அந்தப் படையினர் திரண்டார்கள். காவல்துறையோடு மோதல் நடந்து உயிர்ப்பலி வரை போனது. சம்பளத்தைக் கள்ளுக்கடையில் விட்டுவிட்டு லயத்து வீட்டுக்கு வெறுங்கையோடு திரும்பிய காலத்தை மாற்ற நினைத்தவர்கள் அவர்கள். அவருடைய படம் எங்கள் வீட்டுச் சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. நான் ஜாமீனில் வீட்டுக்கு வந்த காலையில் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. படத்துக்குக் கீழே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார். அன்றிலிருந்து என்னை 'மாப்பிள்ளை' என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். பெயர் சொல்லியும் அழைக்கவில்லை. "சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறது" என்பதுபோல, ஆளில்லாத வாக்கியங்களாகவே இரண்டு ஆண்டுகள் ஓடின.

தோட்டப்புறத்து ஊரில் கார் இல்லாமல் வாழ்வது எப்படி என்று யாரும் எழுதி வைக்கவில்லை, நான் எழுதுகிறேன். எங்கள் தாமான் குடியிருப்புக்குள் பஸ் வராது. தொழிற்சாலை பஸ் பெரிய சாலையில் காலை 5:40க்கு நிற்கும். அதற்கு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். செம்பனை வரிசைகளுக்கு நடுவே விடியாத இருட்டு, கையில் டார்ச், இன்னொரு கையில் நாய்களுக்காக ஒரு குச்சி. மழை நாளில் செம்மண் காலணியைப் பிடித்து இழுக்கும். ஒருநாள் நண்பர் ஒருவர் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளின் சாவியை என் கையில் திணித்தார். "தோட்டத்து உள்பாதைதானே, யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். தடை கார் உரிமத்துக்கு மட்டுமல்ல, மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். சாவியை ஒரு நிமிடம் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

கார் என் மனைவியின் பெயரில் இருந்தது, தவணையும் அவள் பெயரில்தான். பம்பரும் முன்விளக்கும் போன பிறகு காப்புறுதியில் கோரலாமா என்று முகவரைக் கேட்டோம். ஊரில் காப்பீடு என்போம், இங்கே காப்புறுதி. அவர் பத்திரத்தைப் புரட்டி ஒரு வரியில் விரல் வைத்தார். போதையில் ஓட்டியவரால் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் கிடையாது. நான் யாரையாவது இடித்திருந்தால் அவருக்கு நிறுவனம் கொடுத்துவிட்டு, பின்னால் என்னிடம் வசூலிக்க வரும். கைக்காசில் கட்டினோம். கோரிக்கை வைக்காததால் அவளுடைய போனஸ் தள்ளுபடி தடைபடாமல் ஏறியது: 30 விழுக்காட்டிலிருந்து 38.33, அடுத்து 45. கோரிக்கை வைக்கவில்லையா என்று மட்டும் பார்க்கும் கணக்கு அது. அந்தக் கணக்கில் எங்கள் கார் ஒழுக்கமான கார்.

திரும்ப உரிமம் வாங்க நான் புதிதாகத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. பதினேழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தேன். கணினித் தேர்வில் 50 கேள்விகள், 42 சரியாக இருந்தால் தேர்ச்சி. இருபது ஆண்டுகள் வண்டி ஓட்டிய நான் 40 வாங்கித் தோற்றேன். 'பெரி லாலுவான்' (வழிவிடு) பலகை மட்டும்தான் எனக்கு நன்றாகத் தெரியும் என்று அன்று புரிந்தது. பின்வரிசையில் ஒரு சிறுமி 48 வாங்கிவிட்டு "பாவம் அங்கிள்" என்றாள். இரண்டாவது முறை 46. அடுத்தது மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் கிளப்பும் சோதனை. கால் நடுங்கியது. மேடு அவ்வளவு உயரமில்லை.

உரிமம் கைக்கு வந்ததும் காப்புறுதிப் புதுப்பிப்பு வந்தது. முகவர் வீட்டுக்கே வந்தார். ஓட்டுநர் பட்டியலில் மாமாவின் பெயரும் என் மைத்துனனின் பெயரும் இருந்தன. என்னைச் சேர்ப்பதுதான் சிக்கல்.

2017 ஜூலையிலிருந்து முழுக் காப்புறுதிக்கு எவ்வளவு கேட்பது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்கிறது என்று முகவர் விளக்கினார். குற்றப் பதிவு உண்டா என்று படிவம் கேட்டால் உண்மையைத்தான் எழுத வேண்டும். பொய் எழுதினால் விபத்தின்போது பத்திரமே செல்லாமல் போகலாம். ஒரு நிறுவனம் மறுத்துவிட்டது, இன்னொன்று 300 வெள்ளி கூடுதலாகக் கேட்டது. எல்லாரும் கைவிட்டாலும், யாரும் ஏற்காத வாகனங்களுக்கென்றே நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுத் தொகுப்பு இருக்கிறதாம். இதைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு வழியும் இருக்கிறது, அக்கா. இவர் பெயரைப் போடாமலே விட்டுவிடலாம். உரிமம் இருக்கிறது, நீங்கள் அனுமதித்து ஓட்டுகிறார், பத்திரம் செல்லும். ஏதாவது நடந்தால் பட்டியலில் இல்லாதவர் என்று முதல் 400 வெள்ளியை நீங்கள் ஏற்க வேண்டும், அவ்வளவுதான். 300 வெள்ளி மிச்சம்."

மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது, உண்மையாகவே. பெயர் இல்லாமல் ஓட்டிக்கொண்டு போய்விடலாம், படிவத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியதே இல்லை.

சாமி அறைப் பக்கமிருந்து மாமா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தம்பி, மாப்பிள்ளை பெயரை எழுதுங்கள். நடந்ததையும் எழுதுங்கள்."

முகவர் பேனாவை எடுத்தார். என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்தால் கட்டத்துக்குள் அடங்காது. கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) இருக்கிறபடியே வேண்டும் என்று மாமா சொன்னார். கடைசி நான்கு எழுத்துகள் ஓரத்து வெள்ளையில் ஏறின. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவற்றை எண்ணிச் சரிபார்த்தார்.