மோன்செகூர் மலைக்கோட்டைக்கு ஒரு நடை

தென் பிரான்சின் துலூஸ் நகரில் தங்கியிருந்தபோது ஒரு நாளை ஒதுக்கி, பிரனீஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள மோன்செகூர் கோட்டைக்குச் சென்று வந்தேன். வாகனங்கள் கீழேயே நின்றுவிடுகின்றன. மேலே நடந்துதான் ஏற வேண்டும். அரை மணி நேர ஏற்றம் என்றார்கள். எனக்கு அதைவிடக் கூடுதலாகவே ஆயிற்று.

ஏற்றம் தொடங்கும் புல்வெளியிலேயே நெடுநேரம் நின்றுவிட்டேன். 1243 மே மாதம் தொடங்கிய முற்றுகை ஏறத்தாழப் பத்து மாதங்கள் நீடித்தது. கோட்டை சரணடைந்தபின், தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்த காத்தர் சமயத்தினர் (கத்தோலிக்கத் திருச்சபை சமய விரோதிகள் என அறிவித்த கிறித்தவப் பிரிவினர்) இருநூறு பேருக்கும் மேல் 1244 மார்ச் 16 அன்று மலையடிவாரத்தில் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்கள் நினைவாக 1960இல் நாட்டப்பட்ட கல், அடக்கமான அளவில், பாதையோரம் நிற்கிறது. அதன் அடியில் யாரோ காட்டுப்பூக்களை வைத்திருந்தார்கள்.

அதற்கு மேல் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை வழி. எண்ணற்ற கால்கள் பட்டு வழவழப்பாகிவிட்ட கற்களில், நல்ல காலணி அணிந்தும் இருமுறை சறுக்கினேன்.

கடல் மட்டத்திலிருந்து 1,207 மீட்டர் உயரத்தில் கூரையற்ற சுவர்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. இவையும் காத்தர்கள் வாழ்ந்த கோட்டையைச் சேர்ந்தவை அல்ல, முற்றுகைக்குப் பின் அப்பகுதியைப் பெற்ற லெவி குடும்பத்தார் காலத்தில் எழுந்தவை என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பாறையும் காற்றும் பழையவைதானே. இறங்கும்போதுதான் முழங்கால் வலித்தது.