அங்கோர் வாட்டுக்கு மூன்று நாள்

இவர் ஓய்வுபெற்றால் அங்கோர் வாட்டுக்குப் போவோம் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க பயண முகவர்களின் தாள்கள்தான்.

எல்லோரும் தருவது ஒரே திட்டம்: வியட்நாம், கம்போடியா, எட்டு நாள். அதில் அங்கோருக்கு ஒரே ஒரு நாள்! கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்குக் கட்டிய கோயில் அது. கிழக்குப் பிரகாரச் சுவரில் பாற்கடல் கடையும் சிற்பம் மட்டுமே ஏறக்குறைய 50 மீற்றர் நீளம். தேவர்கள் ஒருபக்கம், அசுரர்கள் மறுபக்கம், நடுவில் திருமால். சின்ன வயதில் அப்பா சொன்ன கதை. அதை ஓடிக்கொண்டு பார்க்க எனக்கு மனமில்லை.

ஒருநாள் நுழைவுச்சீட்டு 37 டொலர், மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். இடையில் ஒருநாள் ஓய்வெடுக்கலாம். இவருடைய முழங்காலுக்கு அதுதான் சரி. மேல்தளத்துப் படிகள் செங்குத்தானவை. நான் ஏறுவேன், இவர் கீழே இருந்து பார்ப்பார் என்று பேசி வைத்திருக்கிறோம்.

வெயில் குறைந்த டிசம்பர், ஜனவரிதான் எங்கள் எண்ணம். வழிகாட்டி கட்டாயம் வேண்டும், ஆனால் எங்கள் இருவரின் நடைக்கு ஏற்றவராக. அப்படி ஒருவரைத் தர ஒரு முகவர் சம்மதித்திருக்கிறார். நாளைக்கு பத்தரமுல்லை போய் கடவுச்சீட்டுகளைப் புதுப்பிக்கக் கொடுக்க வேண்டும்.