முத்துவின் இறக்கையில் ரத்தம் வந்த இரவு

ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவின் கடைசி நாள். இரவு 11.30 மணிக்கு வெடி போட ஆரம்பித்தார்கள். முதல் குண்டு வெடித்ததுமே கூடத்தில் இருந்த கூண்டுக்குள் படபடவென்று சத்தம். இருட்டில் முத்து கம்பியிலும் தட்டிலும் மாறி மாறி மோதிக்கொண்டிருந்தான். நான் எழுந்து ஓடி விளக்கைப் போட அரை நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் கூண்டுக்கு அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ரத்தம், பின்சுவரில் தெறித்த புள்ளிகள். இடது இறக்கையின் ஓரம் முழுக்கச் சிவப்பு.

முத்து ஒரு காக்டெயில், தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி வகை. உடம்பு வெளிர் மஞ்சள், கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், லூட்டினோ என்பார்கள். எங்களிடம் வந்து நான்கு வருடம் ஆகிறது. வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளத்தில் இருந்தாலும் வீட்டிலும் வீதியிலும் தமிழ்தான். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன், முத்து பகல் முழுக்க என் மெஷின் பக்கத்தில்தான் இருப்பான். காக்டெயில்களுக்கு இந்த ராத்திரிப் பயம் அதிகம். வெடி, இடி, சுவரில் ஓடும் பல்லி, ஜன்னல் வழியாகத் திடீரென்று விழும் வண்டி வெளிச்சம், எது வேண்டுமானாலும் கிளப்பிவிடும். இருட்டில் எங்கே பறக்கிறோம் என்று தெரியாமல் மோதிக்கொள்வதில்தான் அடிபடுகிறது.

ரத்தத்தைப் பார்த்ததும் கூண்டுக்குள் கையை விட்டுப் பிடிக்கத்தான் தோன்றும். நான் விடவில்லை. கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து தினமும் காலையில் கூப்பிடுகிற மாதிரியே மெல்லக் கூப்பிட்டேன். பயந்து மோதிக்கொண்டிருக்கும் பறவையைத் துரத்திப் பிடித்தால் இன்னும் இரண்டு இறகு உடையும், ரத்த ஓட்டமும் கூடும். ஒரு நிமிடத்தில் குச்சியில் ஏறி நின்றான். கொண்டை தலையோடு ஒட்டிப் படிந்திருந்தது, மூச்சு வாங்கியது. ஆனால் இரண்டு காலிலும் நின்றான், இரண்டு இறக்கையும் ஒரே உயரத்தில் இருந்தன. எலும்பு முறிந்திருந்தால் ஒரு பக்கம் தொங்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இந்தப் பொறுமை எனக்கு அந்த இரவுக்கு ஒரு வருடத்துக்கு முன்னால் வந்தது. அப்போது முத்துவின் கால்விரலில் தையல் நூல் சுற்றிக்கொண்டது. என் மெஷினுக்கு அடியில் நடந்துவிட்டு வந்தவன், சாயங்காலம் அந்தக் காலையே தூக்கிக்கொண்டு நின்றான். தூங்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது நல்ல பறவை செய்வதுதான் என்பதால் முதலில் கண்டுகொள்ளவில்லை. இரையைக் கொத்தும்போதும் காலை ஊன்றவில்லை என்றதும்தான் பார்த்தேன். பின்பக்கத்து இரண்டு விரலில் ஒன்று வீங்கிக் கருஞ்சிவப்பாக இருந்தது. நூல் தோலுக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியவில்லை. மகன் டார்ச் அடிக்க, பூதக்கண்ணாடி வைத்து, மெல்லிய நூலைப் பிரிக்க நான் வைத்திருக்கும் சின்னக் கொக்கி ஊசியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தேன். பிறகு சலைனால் கழுவினேன். பெட்டடைனைத் தண்ணீரில் கலந்து, நம்ம ஊர் கட்டன்சாயா, அதாவது பால் இல்லாத டீ, லேசாகப் போட்டால் வரும் நிறத்துக்குக் கொண்டுவந்து பஞ்சில் தொட்டு வைத்தேன். அடுத்த நாளே விரலில் இளஞ்சிவப்பு திரும்பியது. திரும்பாமல் கறுத்தே இருந்திருந்தால் விரல் போயிருக்கும், உடனே டாக்டரிடம் ஓட வேண்டியதுதான்.

அந்த நாளுக்குப் பிறகுதான் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன்: சலைன் பாட்டில், காஸ் துணி, சின்னக் கத்தரிக்கோல், பெட்டடைன், ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச், ஒரு பாக்கெட் சோள மாவு, ஒரு பழைய தோர்த்து, அதாவது மெல்லிய துண்டு. தோர்த்து முக்கியம். குளித்துவிட்டுத் துவட்டும் டர்க்கி டவலில் சின்னச் சின்ன நூல் வளையங்கள் இருக்கும், பறவையின் நகம் அதில் மாட்டி விரலே பிசகும். நம்ம தோர்த்து மெல்லிய நெசவு, நகம் மாட்டாது, காற்றும் போகும்.

அந்த இரவில் அந்தத் தோர்த்தைத்தான் முத்துவின் மேல் போட்டு எடுத்தேன். பிடிக்கும் விதம் ஒன்று உண்டு. தாடைக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வர, தலையை மட்டும் அசையாமல் வைக்க வேண்டும். உடம்பு உள்ளங்கையில் சும்மா கிடக்க வேண்டும். நெஞ்சை அழுத்தவே கூடாது. நமக்கு இருப்பதுபோல் மூச்சுக்கு உதவும் உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பயத்தில் இறுக்கிப் பிடித்தால் காயத்தால் சாகாத பறவை நம் கையில் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

இறக்கையை மெதுவாக விரித்து, சலைன் நனைத்த காஸால் துடைத்தேன். முதலில் இறக்கை முழுக்கக் காயம் போலத்தான் இருந்தது. துடைக்கத் துடைக்க ஒரே ஒரு இடம் மட்டும் திரும்பத் திரும்பச் சிவந்தது. ஓரத்து நீள இறகுகளில் ஒன்று பாதியில் உடைந்திருந்தது. மற்ற இறகுகளின் தண்டு கண்ணாடி மாதிரி வெளுத்து இருக்க, இதன் தண்டு தடித்து, நீலம் கலந்த கருப்பாக, உறை மூடி இருந்தது. ரத்த இறகு என்பது இதுதான். புதிதாக முளைக்கும் இறகுக்குள் வளர்ச்சி முடியும்வரை ரத்தம் ஓடும். வளர்ந்து முடிந்ததும் ரத்தம் வற்றித் தண்டு வெளுக்கும். முற்றிய இறகு உடைந்தால் ஒரு சொட்டுக்கூட வராது. முளைக்கும் இறகு உடைந்தால் குழாய் உடைந்த மாதிரிதான். உடைந்த நுனியில் ஒரு சிவப்பு மணி திரண்டு, பெரிதாகி, வழிந்து, மறுபடி திரண்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை நடுங்கியது உண்மை.

அத்தை பின்னால் வந்து நின்றார். "அம்மிணி, மஞ்சளைத் தேங்காயெண்ணெயில கொழைச்சு வெச்சா நின்னுருமில்ல? உங்க மாமனாருக்கு வெட்டுப்பட்டப்ப அதத்தான் வெச்சோம்" என்றார். அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் எண்ணெய் பறவைக்கு ஆகாது. இறகில் எண்ணெய் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, உடம்புச் சூட்டைக் காக்கும் திறன் போய்விடும். கோதிக் கோதி அதை விழுங்கவும் செய்யும். வாஸ்லைன், களிம்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அத்தையிடம் சொன்னதும் புரிந்துகொண்டு, அவரே சோள மாவுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார்.

காஸ் துணியில் சோள மாவைத் தோய்த்து உடைந்த நுனியில் வைத்து, விரலால் மெல்ல அழுத்தினேன். மகனைக் கடிகாரம் பார்க்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் எடுக்கவே கூடாது. நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்துவிடும். முதல் இரண்டு நிமிடம் முடிந்து பார்த்தபோது லேசாகக் கசிந்தது. இன்னொரு முறை. இரண்டாவது தடவையில் நின்றுவிட்டது. நகத்தில் ரத்தம் வந்தால் தடவ என்று கடைகளில் ஒரு பொடி விற்கிறார்கள். அது நகத்துக்குச் சரி. தோலிலும் இறகு முளைக்கும் குழியிலும் பட்டால் எரியும், அங்கெல்லாம் மாவுதான் நல்லது.

எவ்வளவு ரத்தம் போயிருக்கும் என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. சுவரிலும் தாளிலும் பார்த்தால் நிறையப் போனதுபோல் இருந்தது. பறவையின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு ரத்தம். முத்து 92 கிராம், அதாவது மொத்தமே 9 மில்லி போல. நல்ல உடம்போடு இருக்கும் பறவை எடையில் நூற்றில் ஒரு பங்கு, முத்துவுக்கு 1 மில்லிக்குச் சற்றுக் குறைவு, இழந்தால் தாங்கும். கண்ணால் மதிப்பிட முடியாமல், சிரிஞ்சில் 1 மில்லி தண்ணீர் எடுத்து இன்னொரு செய்தித்தாளில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். இருபது சொட்டு போல வந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணியதில், முத்துவிடமிருந்து போனது அதில் பாதிக்குச் சற்று மேல். மனசு ஆறியது. ரத்தம் பரவும்போது எப்போதும் அதிகமாகத்தான் தெரியும். ஆனால் இவ்வளவு சின்ன உடம்புக்கு அலட்சியமும் ஆகாது.

அப்புறம் அட்டைப் பெட்டியில் துணி விரித்து, உயரக் குச்சி எதுவும் வைக்காமல், அவனை உள்ளே விட்டு, ஒரு பக்கம் மட்டும் மூடி வைத்தேன். அடிபட்ட பறவைக்கு 30 டிகிரி போல வெதுவெதுப்பு வேண்டும் என்பதால் எல்லோரும் 40 வாட் குண்டு பல்பு போடச் சொல்வார்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது நானும் போடுவேன். ஆனால் இது பங்குனி, இரவிலும் வீட்டுக்குள் அதே சூடு இருந்தது. பல்பும் போட்டிருந்தால் வெந்திருப்பான். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிட்டு, பெட்டி பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் சமையல் தராசில் 90 கிராம். எச்சத்தில் பச்சைக் கழிவும் வெள்ளையும் சரியாக இருந்தன, தினையும் கொத்தினான். சரி, முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மாலை இறகைக் கோதும்போது அந்த உடைந்த நுனியையே கடித்து இழுத்தான். மறுபடி ரத்தம். மாவு வைத்து நிறுத்தினேன், ஆனால் இது வீட்டில் தீராது என்று தெரிந்துவிட்டது.

பறவை விற்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். மனிதர்களுக்கு வலிக்குத் தடவும் களிம்பைத் தடவி, பாதி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், செய்யாதீர்கள். மரக்கவைக்கும் களிம்புகள் சிறு பறவைக்கு விஷம். வலி மாத்திரை விஷயத்தில் நம் நாடே பாடம் படித்திருக்கிறது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாட்டின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாக அழித்தது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அத்தனை பெரிய கழுகையே கொன்ற மருந்து இருக்கும்போது, 90 கிராம் பறவைக்குக் கண்ணளவில் மாத்திரை கொடுக்கலாமா?

பக்கத்து மிருகாசுபத்திரியில் இருந்த டாக்டர், தான் பார்ப்பது பெரும்பாலும் மாடும் ஆடும்தான் என்று நேர்மையாகச் சொல்லி, கோவையில் பறவை பார்க்கும் ஒருவரிடம் போகச் சொன்னார். வேலந்தாவளம் வழியாக பஸ்ஸில் போனோம். பெட்டியை மடியில் வைத்து, துணியால் மூடி, கீழே தாள் விரித்து. காலை எச்சம் விழுந்த தாளையும் மடித்து எடுத்துப் போனேன், டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான்.

அவர் எடை பார்த்தார், இறக்கை எலும்பை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, உடைந்த இறகை அடியோடு, அது வளர்ந்த திசையிலேயே ஒரே இழுப்பில் எடுத்தார். குழியை காஸால் ஒரு நிமிடம் அழுத்தினார். முத்து ஒரு முறை கத்தினான், அவ்வளவுதான். "ரத்தம் நின்னுடுச்சுன்னா இறகைத் தொட வேண்டாம்ங்க. திரும்பத் திரும்ப வந்தாத்தான் எடுக்கணும், அதையும் வீட்ல செய்யாதீங்க. இழுக்கற வேகத்துல எலும்பு முறிஞ்சிரும்" என்றார். எடைக்குக் கணக்குப் போட்டு மெலாக்ஸிகாம் சொட்டு மருந்து கொடுத்தார். கழுகுகளுக்கும் கேடு செய்யாத வலி மருந்து அது.

எதை வீட்டில் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்று அவரிடம் நிறையக் கேட்டேன். நகம் ஒடிவது, ரத்த இறகு, மேல்தோலில் சிறு கீறல், இவற்றுக்கு முதல் உதவி வீட்டில் செய்யலாம். ஐந்து பத்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் கிளம்ப வேண்டும். கூண்டின் அடியில் உப்பிக்கொண்டு உட்காருவது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுவது, வாயிலோ பின்பக்கமோ ரத்தம், மின்விசிறியில் அடிபட்டது, இவற்றில் காத்திருக்கவே கூடாது. பூனை பிடித்து விட்டது என்றால் காயமே தெரியாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். பூனையின் எச்சிலில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்தால் ஓரிரு நாளில் பறவை போய்விடும். பறவைகள் நோவை வெளியே காட்டாது. காட்டில் சோர்ந்து தெரிவதை முதலில் பருந்து தூக்கும், அந்தப் பழக்கம் கூண்டிலும் போகாது. அதனால்தான் வெள்ளிக்கிழமை தோறும் முத்துவை எடை போட்டு, நாட்காட்டித் தாளில் எழுதி வைக்கிறேன்.

மூன்றாம் வாரம் அந்தக் குழியில் ஒரு கருநீல முள் எட்டிப் பார்த்தது. இறகு அடியோடு வந்ததால் புதிது உடனே முளைத்தது. அது வளர்ந்து தண்டு வெளுக்கும்வரை கூண்டிலிருந்த ஊஞ்சலைக் கழற்றி வைத்தேன். ஒரு நாள் மெஷினில் உட்கார்ந்திருந்தபோது அவன் அந்த உறையைக் கோதிக் கோதி, தவிடு மாதிரி வெள்ளைத் தூள் என் துணி மேல் விழுந்தது. உள்ளிருந்து மஞ்சள் இறகு விரிந்து வந்தது.

இந்த வருடத் திருவிழாவுக்குக் கூண்டை உள் அறைக்கு மாற்றினேன். ஜன்னலைச் சாத்தி, ஜீரோ வாட் பல்பு போட்டு, கூண்டின் மூன்று பக்கம் மட்டும் துணியால் மூடினேன். அத்தையும் பாயைப் போட்டு அங்கேயே படுத்துக்கொண்டார். முதல் வெடிக்கு ஒரு முறை சிறகடித்தான். "ஒண்ணுமில்ல சாமி, தூங்கு" என்றார் அத்தை. குச்சியில் நகர்ந்து உட்கார்ந்தவன், கொண்டையை இறக்கி, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டான்.